குப்பை வண்டி நம் ஒழுங்கைக்கு ஏன் வருவதில்லை?





நமது நிதியத்தின் அலுவலகத்துக்கு வருகின்றவர்கள் வழமையாகக் கேட்பது மருத்துவ உதவி, பாடசாலைச் செலவு, வீட்டுக் கூரை போன்ற விடயங்களைத்தான். அண்மைக் காலமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டுள்ளது. "பெரிய றோட்டுக்குக் குப்பை மெஷின் வருது. எங்கட ஒழுங்கைக்கு மட்டும் ஏன் வாறல்ல?" என்று தாய்மார் கேட்கின்றார்கள். "கொண்டுபோய்க் கொடுத்தாலும் பிரிச்சுத் தரச் சொல்லித் திருப்பி அனுப்புறாங்க" என்கின்றார் இன்னொருவர். "அப்ப எரிக்கத்தானே வேணும்?" என்று மூன்றாமவர் முடிக்கின்றார்.

இவை நியாயமான கேள்விகள். பிரதேச சபையைத் திட்டினால் மட்டும் இவற்றுக்கு விடை கிடைத்துவிடாது. மக்களைக் குறை சொன்னாலும் கிடைக்காது. ஆகவே சட்டம் என்ன சொல்கின்றது, சபையால் எது முடிகின்றது, எது முடியவில்லை, நம் வீட்டில் என்ன செய்யலாம், சபையிடம் எதை எப்படிக் கேட்கலாம் என்பவற்றை இந்த இதழில் விளக்க முயல்கின்றோம்.

சபையின் கடமை என்ன?

கிராமப்புறங்களில் குப்பை அகற்றும் பொறுப்பு பிரதேச சபைக்கு உரியது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கின்றது. வீதிகளைத் துப்புரவு செய்தல், வீட்டுக் குப்பையை உரிய கால இடைவெளியில் அகற்றுதல், சேர்த்ததை முறையாகக் கையாளுதல் ஆகிய மூன்றும் சபையின் கடமைகள். சேகரித்த குப்பை சபையின் சொத்தாகிவிடுகின்றது. அதைப் போடுவதற்கு ஏற்ற இடத்தை ஒழுங்கு செய்வதும் சபையின் வேலையே.

எனவே குப்பை அகற்றல் சபை நமக்குச் செய்யும் உபகாரம் அல்ல. அது நமது உரிமை. ஆனால் அதே சட்டம் இந்தக் கடமையை "நியாயமான அளவில் இயன்றவரை" என்ற கருத்தோடு சேர்த்தே விதிக்கின்றது. நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையிலான வேறுபாடு தொடங்குவது இந்த இடத்தில்தான்.

கிராமத்துக்கு ஏன் குறைவாகக் கிடைக்கின்றது?

முதற் காரணம் வருமானம். கட்டடங்கள் நிறைந்த பகுதி எனப் பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில்தான் சபை மதிப்பீட்டு வரியை, அதாவது நாம் சோலை வரி என்று சொல்வதை, அறவிட முடியும். ஊரின் நடுப்பகுதியும் சந்தைப் பகுதியும் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். புதிய குடியேற்றங்களும் வட்டைப் பக்கத்து ஒழுங்கைகளும் பல இடங்களில் அதற்கு வெளியே இருக்கின்றன. வரி கிடைக்கும் இடத்துக்கு வண்டி முதலில் போகின்றது. இது நியாயமா என்று கேட்டால், சட்டத்தின் கடமை வரி கட்டும் தெருவோடு நின்றுவிடவில்லை என்பதே எமது பதில். ஆனால் நடைமுறை இப்படித்தான் அமைந்திருக்கின்றது.

இரண்டாவது காரணம் வண்டியும் ஆட்களும். கிராமிய சபைகளில் குப்பை ஏற்றுவது பெரும்பாலும் பெட்டி பூட்டிய உழவு இயந்திரம். அது நம் குறுக்கு ஒழுங்கைகளுக்குள் நுழைந்தால் திரும்ப முடியாது. ஒரு வண்டி பழுதுபட்டால் அந்தக் கிழமை முழுவதும் சுற்று குழம்பிவிடும். டீசல் விலை ஏறினால் தூரத்து ஒழுங்கைகள்தான் முதலில் வெட்டுப்படும்.

மூன்றாவது காரணத்தை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஏற்றிய குப்பையை எங்கே போடுவது? கிழக்குக் கரையோரத்தில் நம் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிய நிலத்தில் நெருக்கமாக அமைந்தவை. கிழக்கே கடல், மேற்கே வட்டை, அதற்கு அப்பால் காடு. எந்த ஊரும் தன் எல்லைக்குள் குப்பைமேட்டை விரும்புவதில்லை. கடைசியில் குப்பை போய்ச் சேர்வது ஆட்கள் குறைந்த காட்டோரத்துக்குத்தான்.

அங்கே என்ன நடக்கின்றது?

நமது அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டை உலகமே அறியும். அறிந்த காரணம் பெருமைப்படக்கூடியது அல்ல. சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே கொட்டப்பட்டு வந்தது. காட்டு யானைகள் உணவு வாடைக்கு வந்து, பொலித்தீனையும் சேர்த்தே விழுங்கின. 2022 ஜனவரியில் மேலும் இரண்டு யானைகள் அங்கே இறந்து கிடந்தபோது, அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இப்படி மாண்டிருந்ததாகச் செய்திகள் வெளியாகின. பிரேத பரிசோதனையில் அவற்றின் வயிற்றில் கிடந்தவை சொப்பிங் பைகளும் உணவு சுற்றும் தாள்களும் வேறு உக்காத பொருட்களுமே. யானைகளைத் தடுக்க அமைத்த மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதானது. பின்னர் அது சீர்செய்யப்படவில்லை.

இது யானையோடு முடிந்துவிடும் கதை அல்ல. குப்பையில் பசியாறிப் பழகிய யானை வயலோரத்தை விட்டு விலகுவதில்லை. இரவில் வேளாண்மைக் காவலுக்குப் போகும் நம் விவசாயிகளுக்கு அதன் பொருள் நன்றாகத் தெரியும். நம் வீட்டுச் சமையலறையில் மிஞ்சிய சோற்றை ஒரு பையில் இட்டு முடிச்சுப் போட்டபோது, அந்த முடிச்சு எங்கே போய் அவிழும் என்று நாம் நினைக்கவில்லை.

கொழும்பில் மீத்தொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 அன்று குப்பைமலை சரிந்து வீடுகள் மீது விழுந்தது. 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குப்பையைக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் குவித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற எண்ணத்துக்கு அந்தச் சம்பவம் ஒரு பெரிய எச்சரிக்கை.

ஏன் பிரித்துக் கேட்கின்றார்கள்?

நம் நாட்டில் வீடுகளிலிருந்து வரும் குப்பையில் பாதிக்கும் மேல் உக்கக்கூடியது. சோறு, மரக்கறித் தோல், மீன் கழிவு, இலை, தேங்காய்ப்பூச் சக்கை போன்றவை இவை. இவற்றைத் தனியாக எடுத்தால் கூட்டெரு ஆக்கலாம். மத்திய சுற்றாடல் அதிகார சபை 2008இல் ஆரம்பித்த பிலிசரு திட்டத்தின் கீழ் நாட்டின் பல உள்ளூராட்சி சபைகளுக்குக் கூட்டெரு நிலையங்கள் அமைத்துக் கொடுக்கப்பட்டன. கடதாசி, போத்தல், தகரம் போன்றவற்றை மீள்சுழற்சிக்கு விற்கவும் முடியும்.

ஆனால் இரண்டும் ஒரே பையில் கலந்துவிட்டால் எதற்கும் உதவாது. மீன் தண்ணீர் ஊறிய கடதாசியை யாரும் வாங்கமாட்டார்கள். கண்ணாடித் துண்டு கலந்த எருவை எந்த விவசாயியும் கையால் அள்ளமாட்டார். கலந்த குப்பைக்கு உள்ள ஒரே வழி குப்பைமேடுதான். சபை பிரித்துக் கேட்பது நம்மை அலைக்கழிப்பதற்காக அல்ல. பிரிக்காவிட்டால் மேட்டுக்குப் போகும் குப்பை குறையவே குறையாது என்பதற்காகத்தான்.

நிறங்களை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் இராது. பச்சை உக்கக்கூடிய கழிவுக்கு. நீலம் கடதாசிக்கு. செம்மஞ்சள் பிளாஸ்டிக், பொலித்தீனுக்கு. சிவப்பு கண்ணாடிக்கு. மண்ணிறம் உலோகத்துக்கு. வீட்டில் ஐந்து வாளி வைக்க வேண்டும் என்பதில்லை. ஈரக் கழிவுக்கு ஒரு மூடி வாளி, உலர்ந்த பொருட்களுக்கு ஒரு உரப்பை, கண்ணாடிக்கு ஒரு பெட்டி என மூன்று போதும். உலர்ந்தது கெட்டுப்போகாது. வண்டி மாதத்துக்கு ஒருமுறை வந்தாலும் அது மூலையில் இருக்கட்டும்.

பேம்பர்ஸும் சுகாதாரத் துவாய்களும்தான் உண்மையான சிக்கல். அவை எருவாகவும் ஆகாது, மீள்சுழற்சிக்கும் போகாது. இவற்றைத் தனியாகக் கடதாசியில் சுற்றி, வேறு எதோடும் கலக்காமல் வண்டியில் கொடுப்பதே இப்போதைக்கு உள்ள வழி. இரவில் ஆற்றிலும் வாய்க்காலிலும் பாலத்தடியிலும் வீசிவிட்டு வருவது, அடுத்த ஊராரின் தண்ணீரில் நம் அசுத்தத்தைக் கரைப்பதாகும்.

எரிப்பதும் புதைப்பதும்

முன்னைய காலத்தில் ஒவ்வொரு வளவின் மூலையிலும் ஒரு குப்பைக் குழி இருந்தது. அதில் விழுந்தவை ஓலையும் சாம்பலும் மீன் செதிலும். மழைக்கு எல்லாம் மண்ணோடு மண்ணானது. இன்று உம்மாவின் வளவில் மூத்த மகளுக்கு ஒரு வீடு, இளைய மகளுக்கு ஒரு வீடு என எழும்பி, குழி வெட்ட இடமே இல்லை. வளவு சுருங்கியது, பொலித்தீன் பெருகியது. பழைய பழக்கம் மட்டும் மாறவில்லை.

நமது கரையோர மண் மணல். நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்தில் இருக்கின்றது. கிணற்றுக்குப் பக்கத்தில் புதைத்த கழிவின் சாறு நேரே கிணற்றுக்குத்தான் இறங்கும். குழாய்நீர் வந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் குளிக்கவும் துவைக்கவும் பாத்திரம் கழுவவும் பல வீடுகளில் இன்றும் கிணறுதான்.

எரிப்பது அதைவிட மோசம். பிளாஸ்டிக் எரியும் புகையில் டயொக்சின் போன்ற நச்சுக்கள் உண்டு. அந்தப் புகை முதலில் நுழைவது பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள். இளைப்பு நோயுள்ள குழந்தை இருக்கும் வீடு எது என்று புகைக்குத் தெரியாது. பிளாஸ்டிக் உட்படக் குப்பைகளைத் திறந்தவெளியில் எரிப்பது 2017 செப்டெம்பர் 1 முதல் சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

அதே நாளில் லன்ச் சீட், 20 மைக்ரோன் தடிப்புக்குக் குறைந்த பொலித்தீன், ரெஜிபோம் உணவுப் பெட்டி ஆகியவையும் தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை மட்டும் பாவிக்கும் பிளாஸ்டிக் கோப்பை, தட்டு, கரண்டி, உறிஞ்சி, இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் பூமாலை போன்றவற்றுக்கும் தடை வந்தது. தடை இருந்தும் கடையில் கிடைக்கின்றதே என்று கேட்கலாம். வாங்குகின்றவர் இருக்கும்வரை விற்கின்றவரும் இருப்பார்.

வீசிய யோகட் கோப்பையிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் தேங்கும் மழைநீரில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடுகின்றது. 2017ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் ஏறத்தாழ 186,000 பேர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். அந்த ஆண்டை நம் ஊர்க் குடும்பங்கள் மறந்திருக்க முடியாது.

நாமும் தவறு செய்திருக்கின்றோம்

இதை எழுதும்போது எமது கணக்கையும் நாம் பார்க்க வேண்டும். நோன்பு காலத்தில் நமது நிதியம் கஞ்சி பகிர்கின்றது. முன்னர் பிள்ளைகள் சட்டியும் தூக்குவாளியும் கொண்டு வரிசையில் நின்றார்கள். பிறகு வசதி கருதி நாமே பொலித்தீன் பைகளில் கட்டிக் கொடுக்கத் தொடங்கினோம். முப்பது நாளும் அஸருக்குப் பின்னர் எத்தனை நூறு பைகள் என்று எண்ணிப் பார்த்தபோது எமக்கே வெட்கமாக இருந்தது. ஏழைக்கு உதவி செய்த அதே கையால் ஏழையின் ஒழுங்கையில் குப்பையையும் சேர்த்திருக்கின்றோம். வரும் நோன்பில் கஞ்சி பாத்திரத்தில் மட்டுமே வழங்கப்படும். பாத்திரம் இல்லாத வீடுகளுக்கு ஒரு மூடித் தூக்குவாளியை நிதியம் வழங்கும்.

உழ்ஹிய்யா நாட்களிலும் இதே கவனம் வேண்டும். இரத்தம், குடல், எலும்பு ஆகியவற்றை வெட்டவெளியில் விட்டால் நாய்களும் காகங்களும் ஊரெல்லாம் இழுத்துப் போடும். பிற சமூகத்து அயலவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போகும்படி நம் வணக்கம் அமையக் கூடாது. அறுக்கும் இடத்தை முன்கூட்டியே தீர்மானித்து, கிணற்றிலிருந்து தள்ளி ஆழக் குழி வெட்டி, கழிவை இட்டு அன்றே மண்ணால் மூட வேண்டும். தொகை அதிகமானால், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை மூலம் பெருநாளுக்கு முன்னரே பிரதேச சபையிடம் வண்டி கேட்டுக்கொள்ளலாம். இறைச்சியைப் பன் பையில் அல்லது பாத்திரத்தில் பங்கிடலாம்.

வளவில் செய்யக்கூடியது

ஓரளவு இடமுள்ள வீடுகள் ஈரக் கழிவை வெளியே அனுப்பவே தேவையில்லை. அடிப்பகுதி இல்லாத ஒரு பழைய பரல், அல்லது சுற்றிவரக் கம்பி வலை கட்டிய ஒரு கூடு போதும். அடியில் காய்ந்த இலையும் சருகும் ஒரு முழம் போடுங்கள். அன்றாட மரக்கறிக் கழிவைப் போட்டு, ஒவ்வொரு முறையும் மேலே ஒரு பிடி சருகும் கொஞ்சம் மாட்டெருவும் தூவுங்கள். ஈரம் பிழிந்த துணி அளவுக்கு இருக்கட்டும். கிழமைக்கு ஒருமுறை ஒரு தடியால் கிளறிவிடுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள், சருகைக் கூட்டுங்கள். மூன்று மாதமளவில் கறுத்த, மண் வாசமுள்ள எரு கிடைக்கும். தண்ணீர் நிற்காத நம் மணலுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. மிளகாய்க்கும் கத்தரிக்கும் வாழைக்கும் போட்டுப் பாருங்கள். மீன், இறைச்சிக் கழிவை மட்டும் பரலில் போடாமல் மரத்தடியில் ஒரு முழ ஆழத்தில் புதைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் எலி வரும்.

சபையிடம் எதைக் கேட்பது?

உள்ளூராட்சி சபைகள் 2023 மார்ச்சில் கலைந்து, இரண்டு ஆண்டுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் இயங்கின. 2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலின் பின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மீண்டும் ஓர் உறுப்பினர் இருக்கின்றார். நம் வாக்கைப் பெற்றவரிடம் நாம் கேட்கலாம். ஆனால் "குப்பையை அள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் பதிலும் பொதுவாகவே வரும். குறித்துக் கேட்க வேண்டும்.

ஒன்று, நம் ஒழுங்கைக்கு வண்டி எந்தக் கிழமையில், எந்த நேரம் வரும் என்ற அட்டவணை. நாள் உறுதியானால்தான் குப்பை வீதியில் காத்துக் கிடக்காது.

இரண்டு, வண்டி நுழைய முடியாத ஒழுங்கைகளுக்கு ஒரு சேர்க்கும் இடம், அல்லது தள்ளுவண்டி.

மூன்று, பிரித்துக் கொடுத்ததை வண்டியிலும் பிரித்தே ஏற்ற வேண்டும். வீட்டில் பிரித்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் மறுநாள் யாரும் பிரிக்கமாட்டார்கள். இதை உறுதியாகச் சொல்லுங்கள்.

நான்கு, தொழிலாளர்களுக்குக் கையுறையும் சப்பாத்தும்.

ஒழுங்கையிலுள்ள குடும்பத் தலைவர்களும் தலைவிகளும் கையொப்பமிட்டு, தவிசாளருக்கும் செயலாளருக்கும் கடிதமாகக் கொடுத்து, பிரதியில் கிடைத்ததற்கான ஒப்பம் வாங்குங்கள். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்றப்படும். ஆகவே ஜனவரியில் கேட்பதை விட ஒக்டோபருக்கு முன் கேட்பது பயன் தரும். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எத்தனை வண்டிகள் ஓடுகின்றன, எந்த வீதிகளுக்கு, குப்பை எங்கே போகின்றது என்று சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் நமது அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகின்றோம்.

கடைசியாக ஒரு விடயம்

சில காலத்துக்கு முன் குப்பை ஏற்றும் ஒரு சகோதரர் கையில் கட்டோடு உதவி கேட்டு வந்தார். சோற்றுப் பை என்று நினைத்துத் தூக்கிய பையில் உடைந்த கண்ணாடி இருந்திருக்கின்றது. உள்ளங்கையில் ஆறு தையல். அன்றாடச் சம்பளக்காரர் என்பதால் வேலைக்குப் போகாத நாட்களுக்குக் காசு இல்லை. நிதியம் இரண்டு கிழமைக்கு உலர் உணவு கொடுத்தது. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "வீட்டாக்கள் வேணுமெண்டு செய்யல்ல, யோசிக்கல்ல" என்றார்.

அந்தப் பையைக் கட்டிய வீடு எது என்று எமக்குத் தெரியாது. நம் வீடாகவும் இருக்கலாம். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நம் பிள்ளைகள் மத்ரஸாவில் படிக்கின்றார்கள். அதைக் கூலிக்கு அகற்றுகின்றவரின் கையைக் காப்பது நம் மீதுள்ள கடமை. உடைந்த கண்ணாடியைத் தடித்த கடதாசியில் சுற்றி, தனிப் பெட்டியில் வையுங்கள். நாளைக் காலையில் வண்டி வராவிட்டாலும், அந்த ஒன்றை இன்றிரவே தொடங்கலாம்.